மீதிக் கேள்வி

பேருந்து நிலையத்துக்கு ஒரு தடவையாவது போயிருந்தால் விசாரணை அக்காவைத் தெரியாமல் இருக்காது. மூன்றாம் நடைமேடைக்கு எதிரே கண்ணாடி போட்ட சின்ன அறை. கண்ணாடியில் கை நுழையும் அளவுக்கு ஓர் அரைவட்டத் துளை. அதற்குப் பின்னால் ஒரு மைக், ஒரு மேசை விசிறி, ஓரம் சுருண்ட கால அட்டவணை, அந்த அட்டவணையைத் திரும்பிக்கூடப் பார்க்காத அக்கா. இருபத்தாறு வருடமாக அதே நாற்காலி. நாற்காலிக்கு இரண்டு முறை மெத்தை மாற்றினார்கள், அக்காவை மாற்றவில்லை.

அக்காவின் திறமையே, கேள்வி முடிவதற்குள் பதில் வந்து விழுவதுதான். "மேற்கே போற..." என்று ஒருவர் வாயைத் திறந்தால் போதும். "நாலு பத்து, அஞ்சாவது பிளாட்பாரம், அடுத்தவங்க வாங்க." கையில் பை எவ்வளவு பெரிது, கண் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை வைத்தே ஆளை எடை போட்டுவிடுவார். வரிசை மளமளவென்று நகரும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களை மேலதிகாரி கூட்டிவந்து, "பாருங்க, இப்படி இருக்கணும்" என்று காட்டுவார். அக்காவுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். ஏன் இருக்கக்கூடாது? நூறு பேர் கேட்டால் தொண்ணூற்றெட்டுப் பேருக்குச் சரியான பஸ் கிடைத்தது. மீதி இரண்டு பேர் எங்கே போய் இறங்கினார்கள் என்று யாரும் திரும்பி வந்து சொல்லவில்லை.

வினை என்னவென்றால், அந்தப் பழக்கம் கண்ணாடி அறையோடு நிற்காமல் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. கணவர் "ஏம்மா, அந்த..." என்று இழுத்தால், "அலமாரிக்கு மேல" என்று பதில் வரும். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். பாதி நாள் இரண்டு மாடிக்கு நடுவே தொங்குகிற மனிதருக்குப் பொறுமை இல்லாமல் போகுமா? "நல்லதாப் போச்சு, எனக்குப் பாதி மூச்சு மிச்சம்" என்று சிரித்துக்கொள்வார். ஒரே மகளுக்குத்தான் அந்தச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கல்லூரியில் இரண்டாம் வருடம் கணக்கியல் படித்துக்கொண்டிருந்த மகள் சமையலறைக் கதவோரம் வந்து நின்றாள்.

"அம்மா, நான் படிப்பை நிறுத்திட்டேன்னா..."

"நிறுத்தினா இந்த வீட்டுப் படி ஏறாதே."

கத்தி நிற்கக்கூட இல்லை. அக்கா பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றுபோனவர். மகள் வாங்கப்போகும் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டுவதற்காகக் கூடத்துச் சுவரில் ஆணியே அடித்து வைத்திருந்தார். மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அடுத்த வாரமே பையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊரிலிருந்த தோழியிடம் போய்விட்டாள். அங்கே ஒரு செடிப் பண்ணையில் வேலை. அப்பாவிடம் வாராவாரம் அரை மணி நேரம் பேசுவாள். போன் அம்மா கைக்கு வந்தால், "சாப்டியா?", "சாப்டேன்." அதோடு சரி.

அக்காவுக்கு முதலில் கோபம்தான். அது ஆறு மாதம் தாக்குப்பிடித்தது. அப்புறம்தான் ஒன்று அரிக்க ஆரம்பித்தது. அந்தப் பெண் பேசி முடிக்கவில்லையே! "நிறுத்திட்டேன்னா" என்றாளே, அதற்கு மேல் என்ன வைத்திருந்தாள்? போனில் ஒரு நாள் கேட்டும் பார்த்தார். "ஒண்ணுமில்லம்மா, விடு" என்றாள். அவ்வளவு பதில் தெரிந்த மனுஷி, வீட்டில் கிடந்த ஒரு பாதிக் கேள்விக்கு முன்னால் பேந்தப் பேந்த விழித்தார்.

இந்தச் சமயத்தில்தான், கையில் பசை டப்பாவோடு ஒரு பெண் கண்ணாடித் துளை வழியாக எட்டிப் பார்த்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். "அக்கா, இந்த நோட்டீஸை இங்க..."

"ஒட்டக்கூடாது. அடுத்தவங்க."

"ஒட்டலக்கா, படிச்சுப் பாருங்கன்னு குடுக்க வந்தேன்."

நோட்டீஸில், தத்துவ அறிமுக வகுப்பு, சனிக்கிழமை காலை, நூலக மாடி, கட்டணம் இல்லை என்று போட்டிருந்தது. கீழே ஒரு வரி: பதில் தெரியாதவர்கள் வரலாம்.

"தத்துவம்னா என்னம்மா?" என்று அக்கா கேட்டார்.

"எனக்கும் சரியாத் தெரியாதுக்கா. பதினஞ்சு வருஷமா அதைத்தான் படிச்சிட்டிருக்கேன், அதைத்தான் பாடமும் நடத்துறேன்."

நல்ல கூத்து என்று அக்கா அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் போட்டார். ஆனால் தூக்கிப் போடவில்லை. விஷயம் தெரிந்ததும் கணவர் பிடித்துக்கொண்டார். "தத்துவம் படிச்சுட்டு சாமியாராப் போகப்போறியா? போறதுன்னா அதுக்கு முன்னாடி வாஷிங் மெஷினை எப்படிப் போடறதுன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போ." முன்பதிவுக் கவுண்ட்டர்காரர் அவர் பங்குக்கு, "இனிமே பஸ் எப்போ வரும்னு கேட்டா, பஸ்னா என்னன்னு திருப்பிக் கேட்பீங்களாக்கா?" என்றார். அக்கா இரண்டு பேரையும் ஒரே பார்வையில் அடக்கிவிட்டு, சனிக்கிழமை காலை நூலக மாடி ஏறினார்.

பழைய வரைபடங்கள் அடுக்கிவைத்திருக்கும் அறை. எட்டுப் பேர். நோட்டீஸ் கொடுத்த பெண்தான் டீச்சர். முதல் கேள்வியையே அக்கா பக்கம் திருப்பினாள்.

"நாலு பத்து பஸ் நாலு பத்துக்கு வரும்னு உங்களுக்குத் தெரியுமாக்கா, இல்ல நம்புறீங்களா?"

"தெரியும்."

"நேத்து வந்துச்சா?"

"டயர் பஞ்சர். நாலரைக்கு வந்துச்சு."

"அப்போ நேத்து நாலு மணிக்கு உங்களுக்கு என்ன தெரிஞ்சிருந்துச்சு?"

அட, இது என்ன வம்பு! அக்கா வீடு வரைக்கும் அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே, "என்னங்க, லிஃப்ட் மேல போகும்னு உங்களுக்குத் தெரியுமா, நம்புறீங்களா?" என்று கேட்டார்.

"நான் ரிப்பேர் பண்ணினதுன்னா தெரியும். அடுத்தவன் பண்ணினதுன்னா சாமி கும்பிட்டுட்டு ஏறுவேன்" என்றார் கணவர். டீச்சரைவிட இவர் தெளிவு என்று அக்காவுக்குத் தோன்றியது. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்கு இரண்டு பேரும் கை காயும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. யார் சொல்வதையும் மறுக்கலாம், சண்டைகூடப் போடலாம். ஆனால் அதற்கு முன்னால், அவர் சொன்னதை நம் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் "ஆமா, அதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் நம் வாய் திறக்கலாம். கேட்பதற்குச் சப்பென்று இருக்கிறதல்லவா? அக்காவுக்கு உயிர் போனது. ஒரு சனிக்கிழமை, ஓய்வு பெற்ற காவலாளி ஒருவர், சாகக் கிடந்த நண்பனிடம் தான் உண்மையை மறைத்ததைச் சொன்னார். உண்மை எது என்று மட்டும் பார்த்தால் போதாது, அதைத் தாங்குகிறவர் யார் என்றும் பார்க்க வேண்டும் என்றார்.

அக்கா பாய்ந்தார். "இவரு பொய் சொல்லலாம்கிறாரு."

"ஐயோ, நான் அப்படிச் சொல்லவே இல்லையே!"

இரண்டாவது முறையும் தப்பு. மூன்றாவது முறையும் தப்பு. அக்காவுக்குக் காது சிவந்துவிட்டது. நான்காவது முறை வேறு வழியில்லாமல் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தார். "நீங்க செஞ்சது சரின்னு சொல்ல வரல. அன்னிக்கு அவர் மூஞ்சியைப் பார்த்தப்போ, உண்மையைவிட அவர் பெருசாத் தெரிஞ்சாரு. அது சரியா தப்பான்னு இன்னிக்கு வரைக்கும் உங்களுக்கே தெரியல. அப்படித்தானே?"

காவலாளி தலையாட்டினார். "ஆமாம்மா. அதைத்தான் சொன்னேன்" என்றார். "இதை யாரும் இவ்வளவு தூரம் காது குடுத்துக் கேட்டதில்ல." அக்கா மறுத்துப் பேச வைத்திருந்ததெல்லாம் சுத்தமாக மறந்துபோனது.

அன்று எல்லோரும் போன பிறகு, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே அக்கா கேட்டார். "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. இதைப் படிச்சு என்ன ஆகப்போகுது? சம்பளமா ஏறப்போகுது?"

"ஏறாதுக்கா. எனக்கே ஏறல." டீச்சர் சிரித்தாள். பிறகு மேசை விளிம்பில் சாய்ந்து நின்றாள். "உங்க ஜன்னலுக்கு வர்ற கேள்விக்கெல்லாம் அட்டவணையில பதில் இருக்கு. அட்டவணையில இல்லாத கேள்வி ஒண்ணாவது எல்லார் வீட்டுலயும் இருக்கும். நான் நியாயமா நடந்துகிட்டேனா? எனக்குத் தெரியும்னு நினைக்கிறது உண்மையிலயே தெரியுமா? அதை விட்டு ஓடிடலாம், இல்லன்னா வாய்க்கு வந்த பதிலைச் சொல்லி மூடிடலாம். இந்தப் படிப்பு பதில் தராதுக்கா. கேள்வி பக்கத்துல ஓடாம உட்காரச் சொல்லிக் குடுக்கும். எனக்கு அதுவே பெரிய உபகாரமா இருந்துச்சு."

தன் வீட்டில் இருக்கும் கேள்வி எது என்று அக்காவுக்குத் தெரியும். அதன் பக்கத்தில் உட்கார, அது இருக்கிற இடத்துக்கே போக வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில், ஊர் ஊராக ஆளை ஏற்றி அனுப்பியவர் தானே ஜன்னலோரம் உட்கார்ந்து போனார்.

அந்த ஊரில் இறங்கியதும் விசாரணை ஜன்னலைத் தேடிப் போனார். தொழில் பாசம் வேறு! "தம்பி, இங்க செடிப் பண்ணை..."

"வலது பக்கம், பத்து நிமிஷ நடை. அடுத்தவங்க."

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலிருக்கும் பண்ணை என்று கணவர் சொல்லியனுப்பியதைச் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றது. பின்னாலிருந்தவர் முழங்கையால் தள்ளினார். வலது பக்கம் நடந்தால் அங்கே இருந்தது வேறு பண்ணை. உச்சி வெயிலில் திரும்பி நடக்கும்போது அந்த ஆளை வாய் நிறையத் திட்ட ஆரம்பித்தார். பாதித் திட்டிலேயே நின்றுவிட்டார். இருபத்தாறு வருடத்தில் எத்தனை பேரை இப்படி வெயிலில் நடக்கவிட்டோமோ என்று தோன்றியது. தொண்ணூற்றெட்டுப் போக மீதி இரண்டு பேர் யார் என்று இப்போது தெரிந்தது.

தண்ணீர்த் தொட்டியை விசாரித்து விசாரித்து வந்து சேர்ந்தபோது, பச்சை வலைப் பந்தலுக்கு அடியில் மகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கறுப்புப் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். கை மட்டும் உரமேறியிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். "அம்மா? அப்பாவுக்கு எதாச்சும்..."

"அப்பா நல்லாருக்காரு."

அடச்சே, இங்கேயும் முந்திக்கொண்டாயிற்று! அக்கா தன் வாயைத் தானே மனசுக்குள் சபித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார். "அன்னிக்கு நீ ஒண்ணு கேட்க வந்தே கண்ணு. நான் பாதியிலயே வெட்டிட்டேன். அந்த மீதியைக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"இப்போ எதுக்கும்மா அதெல்லாம்" என்று மகள் மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

அக்காவின் நாக்கு நுனிக்கு நாலு பதில் வந்து நின்றது. நாலையும் விழுங்கினார். எதிரே உட்கார்ந்து, ஒரு காலிப் பையை எடுத்து மண் அள்ளிப் போட ஆரம்பித்தார். ஒரு பை. இரண்டு பை. மகள் நிமிரவில்லை. அக்கா வாழ்நாளில் இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்ததில்லை. ஒன்பதாவது பை நிறைந்தபோதுதான் மகள் பேசினாள், அதுவும் மண்ணைப் பார்த்துக்கொண்டே.

"ரெண்டு பேப்பர் போயிருந்துச்சும்மா. புத்தகத்தைத் திறந்தாலே கை நடுங்கும். கூடத்துல அந்த ஆணியைப் பார்க்கப் பார்க்கப் பயமா இருக்கும். நான் அன்னிக்கு உன்கிட்ட அனுமதி கேட்க வரல." மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். கன்னத்தில் மண் அப்பியது. "நான் படிப்பை நிறுத்திட்டேன்னா, அப்பவும் நான் உனக்குப் பொண்ணுதானேன்னு கேட்க வந்தேன்."

அக்கா அள்ளிய மண்ணை அப்படியே கீழே போட்டார். இந்தக் கேள்விக்கா அந்தப் பதிலைச் சொன்னோம்! பிள்ளை இரண்டு வருடமாக அந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஓவென்று அழுதுவிடலாம் போலிருந்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"இரு. நான் சரியாப் புரிஞ்சுகிட்டேனான்னு பார்த்துக்கறேன்" என்றார். "பட்டம் வாங்கினாத்தான் நீ என் பொண்ணா, வாங்கலன்னாலும் என் பொண்ணான்னு கேட்டிருக்கே. படிப்பைப் பத்தி நீ கேட்கவே இல்ல. என்னைப் பத்திக் கேட்டிருக்கே."

மகள் அப்போதுதான் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "ஆமாம்மா. அதைத்தான் கேட்டேன்."

இதற்கு மேல் நிதானமாக யோசிக்க வேண்டும் என்பதுதான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த முறை. அக்கா யோசிக்கவில்லை. இந்த ஒரு கேள்விக்குப் பதில் அவருக்குத் தெரியும். நம்புகிறாரா என்று யாராவது கேட்டால் சண்டைக்கே போவார். தெரியும்.

"ஆமாடி" என்றார். "எப்பவும். ஆமா."

மண் கையோடு மகளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். நிரப்பி வைத்த பைகளில் இரண்டு சரிந்து கொட்டின.

"இதைச் சொல்ல ரெண்டு வருஷமாம்மா ஆச்சு உனக்கு?" என்றாள் மகள், முகத்தைப் புடவைக்குள் புதைத்துக்கொண்டே.

"வண்டி லேட்டு கண்ணு" என்றார் அக்கா. "லேட்டுதான். வந்துடுச்சுல்ல?"

மகள் அழுதுகொண்டே சிரித்தாள்.