புகார் மனுவில் ஒட்டிய உள்ளங்கை

எங்கள் திருவொற்றியூர்த் தெருவில் யாருக்கு என்ன வந்தாலும் மணலி ஆலைகளின் புகைதான் காரணம். இருமல், முடி கொட்டுவது, கல்யாணம் தள்ளிப்போவது வரை. தெருவுக்காகப் புகார் மனு எழுதுவது என் பொறுப்பு. பத்திரிகையில் நகைச்சுவை எழுதுகிறவனுக்கு வேறென்ன மரியாதை கிடைக்கும்.

அப்பாவின் உள்ளங்கையிலும் பாதத்திலும் செம்பு நிறப் புள்ளிகள் வந்தபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷம். விசைப்படகில் இன்ஜின் பார்த்து ஓய்ந்தவர், எழுபத்திரண்டு வயது, அம்மா போய் ஆறு வருடம். இதைவிட நல்ல சாட்சி ஏது? கைகளை விரிக்கச் சொல்லிப் படமெடுத்து மனுவில் ஒட்டினேன்.

"அரிக்கவே இல்லடா," என்றார்.

"விஷம் அப்படித்தான் நைனா, கம்முனு வேலை செய்யும்."

தெருமுனை டாக்டர், பெண் சகவாசம் ஏதாவது உண்டா என்று அவரைக் கேட்டார். அவர் வாய் திறப்பதற்குள் நான் சிரித்துவிட்டேன். "எழுபத்திரண்டு வயசு சார். ரேஷன் கடை வரிசையைத் தவிர எங்கயும் நிக்கிறதில்ல." டாக்டரும் சிரித்துக் களிம்பு எழுதினார். அப்பா சிரிக்கவில்லை. காது மந்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

புள்ளிகள் தானாக மறைந்தன. இரண்டு மாதத்தில் வலது கண் சிவந்து பார்வை மங்கியது. முன்பு தோலில் ஏதாவது வந்ததா என்று கண் டாக்டரம்மா கேட்க, மனுப் படத்தைப் பெருமையாகக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தவர் ரத்தப் பரிசோதனை எழுதினார். சிபிலிஸ் என்கிற பால்வினை நோய். கண் வரை ஏறியிருந்தது.

"வயசானவங்ககிட்ட யாரும் கேக்கிறதில்ல, அதான் இவ்வளவு தூரம் வந்துடுது," என்றார் டாக்டரம்மா.

கேட்டார்கள். நான்தான் பதில் சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் பதினான்கு நாள் பெனிசிலின் ஊசி. பாதிப் பார்வைதான் திரும்பியது.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே நைனா?"

"எங்கடா சொல்ல வுட்ட? டாக்டரு என்னக் கேக்கறாரு, நீ பூந்து ஜோக்கு சொல்லிகினு கீற." சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "மார்க்கெட்ல கருவாடு விக்கிற அந்தம்மா கீதே, அதுக்கும் ரத்தம் பாக்கணுமாம். நீ போய் கூட்டினு வா. அங்கயும் ஜோக்கு சொல்லாத."

போனேன். அப்பாவின் முகச்சாயலை வைத்து அந்தம்மா என்னைக் கண்டுகொண்டார் போல. கையிலிருந்த வஞ்சிரக் கருவாட்டைக் கீழே வைத்தார்.

"பதினஞ்சு நாளா ஆளக் காணோம். இன்னா ஆச்சுப்பா அவருக்கு?"

இந்த முறை கேள்வி என்னிடம்தான் கேட்கப்பட்டது. ஜோக்கு எதுவும் சேர்க்காமல், அப்பாவின் கண்ணிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.