பழைய ஜாஸ் பிளேட்டும் ஸ்டீபனின் மானமும்

பழைய கிராமபோன் பிளேட்டு வாங்கி விற்கிறவனுக்கு மூன்று இடத்தில் திட்டு விழும்: கொடுக்கிறவர் வீட்டில், வாங்குகிறவர் வீட்டில், அப்புறம் சொந்த வீட்டில். அதிலும் ஜாஸ் பிளேட்டு மட்டும்தான் வாங்குவேன் என்று பிடிவாதம் பிடித்தால் கேட்கவே வேண்டாம். உங்களில் யாருக்காவது இந்த வியாதி இருந்தால் நான் சொல்வது புரியும். இல்லாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

ராயபுரத்தில் எனக்குப் பழைய இரும்புக் கடை. கப்பல் உடைசல், சங்கிலி, ஆணி, இதுதான் பிழைப்பு. ஒரு தடவை கப்பல் சாமானோடு ஒரு கிராமபோன் பெட்டியும் வந்து சேர்ந்தது, உள்ளே ஒரே ஒரு பிளேட்டு. சாவி கொடுத்து முள்ளை வைத்தேன். ஒருத்தன் டிரம்பெட்டில் ஏதோ கேட்கிறான், இன்னொருத்தன் எகத்தாளமாகப் பதில் ஊதுகிறான். நம் தெருக் குழாயடிச் சண்டையைக் கேட்கிற மாதிரியே இருந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம். சுதந்திரம் வந்த பிறகு ரயில்வேயில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கப்பலேறிக்கொண்டிருந்தன. வீட்டுச் சாமானெல்லாம் விலைக்கு வந்தது. எல்லாரும் கட்டிலைப் பார்க்கப் போனார்கள். நான் கட்டிலுக்கு அடியில் பார்க்கப் போனேன்.

பாட்டுப் பரீட்சை

ஒரு ரயில்வே கார்டின் சம்சாரம். ஆஸ்திரேலியா போக மூட்டை கட்டிவிட்டார். கட்டில், பீரோவெல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டு, இருபது பிளேட்டை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரும்புக் கடைக்காரனுக்கு இதைக் கொடுத்தால் உருக்கிவிடுவான் என்று அவருக்குச் சந்தேகம். "இதுல இன்னா கீதுன்னு தெரிஞ்சவனுக்குத்தான் குடுப்பேன். எங்கே, பாடிக் காட்டு" என்றார்.

நான் தொண்டையைக் கனைத்தேன். எனக்கு இங்கிலீஷ் வராது, வாத்தியம்தான் வரும். டிரம்பெட், பியானோ, டிரம், மூன்றையும் ஒரே வாயால் வாசித்தேன். பக்கத்து வீட்டு நாய் எழுந்து போய்விட்டது. அந்தம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், அப்புறம் சிரிக்காமலேயே கண்ணில் தண்ணீர் வந்தது. பிளேட்டையெல்லாம் என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "போதும் மேன், நிறுத்து! எல்லாத்தையும் எடுத்துக்கினு போ. ஆனா பாட்டை மட்டும் பிளேட்டையே பாட விடு."

ரெஜினா வந்த காரியம்

எங்கள் பேட்டை ஸ்டீபன் துறைமுகத்தில் சாமான் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர். இளவட்டத்தில் ரயில்வே டான்ஸ் ஹாலில் டிரம்பெட் ஊதினவர். 'ராயபுரம் ரிதம் பாய்ஸ்' என்று அவருடைய பேண்டு கோஷ்டிக்குப் பேர். அந்தக் கோஷ்டி கல்கத்தாவுக்குப் போய் பாட்டுப் பதிந்து ஒரே ஒரு பிளேட்டு கொடுத்திருக்கிறது. அதில் தான் ஊதியதை ஸ்டீபன் சொல்லாத நாள் கிடையாது, கேட்காத ஆள் தெருவில் கிடையாது.

அப்புறம் வின்ச் கொக்கி முகத்தில் பட்டு முன்பல் நாலும் போயிற்று. பல் போனால் டிரம்பெட்டும் போயிற்று. ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பட்டணம் காலியான வருஷம் அந்தப் பிளேட்டும் போயிற்று. திருடன் தூக்கக் கூடாதென்று டிரங்குப் பெட்டிமேல் அம்மிக்கல்லை ஏற்றி வைத்துவிட்டு ஊருக்குப் போனார் மனுஷர். திருடன் தொடவில்லை. அம்மிதான் பெட்டியை அமுக்கிப் பிளேட்டை நொறுக்கிவிட்டது. ரெஜினாவை அவர் கட்டிக்கொண்டது இந்த இரண்டும் போன பிறகு. அதனால் புருஷன் ஊதி அவள் கேட்டதே இல்லை.

ஒரு நாள் காலையில் மீன் கூடையோடு ரெஜினா என் கடைக்கு வந்தாள். ஏதோ ஞானஸ்நான விருந்தில் துறைமுகத்துப் பையன்கள் நாலு பேர் ஸ்டீபனைச் சூழ்ந்துகொண்டு, "பிளேட்டும் இல்ல, பல்லும் இல்ல, புளுகு மட்டும் கீது" என்று கைகொட்டிச் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து மனுஷர் பேச்சை நிறுத்திவிட்டார். வேலைக்குப் போகிறார், வருகிறார், சுவரைப் பார்த்துப் படுக்கிறார். "அந்தப் பிளேட்ட எப்படியாச்சும் தேடிக் குடு பாய்" என்றாள். கிடைப்பது கஷ்டம் தங்கச்சி, கம்பெனியில் அந்தப் பிளேட்டைக் கொஞ்சம்தான் போட்டார்களாம் என்றேன். அவள் கூடையைக் கீழே வைத்தாள்: "பொய்யோ நெசமோ, எட்டு வருசமா அந்தக் கதைய கேட்டுக்கினேதான் சோறாக்கிக்கினு இருந்தேன். இப்ப வூடு கம்முனு கீது பாய். எனக்கு பயமா கீது."

கம்பவுண்டரின் சுத்தம்

திருவொற்றியூரில் ஒரு கம்பவுண்டர் பேண்டு பிளேட்டாகச் சேர்க்கிறார் என்று கேள்விப்பட்டு ஓடினேன். சுத்தமென்றால் அப்படியொரு சுத்தம். வாசலிலேயே என் காலைக் கழுவ வைத்தார். பெட்டியைத் திறந்தால் மூன்றாவது பிளேட்டே 'ராயபுரம் ரிதம் பாய்ஸ்'! புது முள் மாட்டி மெல்ல வைத்தேன். முள் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒரே சறுக்காகச் சறுக்கிக்கொண்டு போனது. ஒரு சத்தமும் இல்லை.

விசாரித்தால், வாங்கின அன்றே அத்தனையையும் ஆஸ்பத்திரி ஸ்பிரிட் போட்டுத் தேய்த்துக் கழுவியிருக்கிறார்! பிளேட்டு அரக்கில் செய்தது ஐயா. ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரைந்துவிடும். மேஜைக்குப் பாலிஷ் போடுகிற எந்த ஆளைக் கேட்டாலும் சொல்வான். பாட்டெல்லாம் பஞ்சோடு போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்புக் காலோடு அவர் கட்டிலில் ஏறி நின்றிருப்பேன். நல்லவேளை, அவரே ஒரு விஷயம் சொன்னார். எண்ணூரில் ஒரு துரை ஊருக்குப் போகும்போது பங்களாத் தோட்டக்காரனிடம் பிளேட்டையெல்லாம் கொடுத்துவிட்டுப் போனாராம். அங்கே இதே பிளேட்டு இரண்டு இருந்ததாம், இவர் வாங்கியது ஒன்றைத்தானாம். நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பினேன். பின்னாலேயே அவர் குரல் வந்தது: "பாட்டு போனா போவுது பாய், ஒரு கிருமி இருக்காது. நான் கியாரண்டி!"

ஓட்டை போட்ட மூடி

எண்ணூரில் தோட்டக்காரன் வீட்டைக் கண்டுபிடிக்கவே அரை நாள். அவன் வேலைக்குப் போயிருந்தான், சம்சாரம் செபஸ்தியம்மா அடுப்படியில் இருந்தாள். தண்ணீர்ப் பானைமேல் ஒரு பிளேட்டு, உப்புச் சாடிமேல் ஒரு பிளேட்டு. கொதிக்கிற மீன் குழம்புச் சட்டிமேல் இருந்ததைப் பார்த்ததும் எனக்கு மயக்கமே வந்தது. சூட்டில் இளகி, சட்டி வாய்க்கு அளவெடுத்த மாதிரி வளைந்து உட்கார்ந்திருந்தது.

பேர் ஒட்டியிருந்த காகிதமெல்லாம் ஆவியில் உரிந்துவிட்டதால் எது என்ன பிளேட்டென்று தெரியவில்லை. கையை உதறிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். அவளுக்கு என்மேல் பரிதாபமாகிவிட்டது போல. "ரொம்ப வோணும்னா மீதி கீது, ராயபுரத்துல கேளு. போன மாசம் எங்க அக்கா வந்தப்போ ஒரு பெட்டி நெறைய அவங்க மாதா கோயிலுக்குக் குடுத்தனுப்பிட்டேன்" என்றாள். அது ஸ்டீபன் தெருக் கோயில். நாய் மாதிரி ஊரெல்லாம் அலைந்தவனுக்கு சொந்தப் பேட்டையிலேயே சரக்கு இருந்திருக்கிறது! நான் புறப்படும்போது குழம்பு மூடியை மறுபடி சட்டிமேல் வைத்துக்கொண்டே அவள் மெச்சிக்கொண்டாள்: "கம்பெனிக்காரன் கெட்டிக்காரன் பாய். ஆவி போவட்டும்னு நடுவுல ஓட்டை போட்டே குடுத்துக்கிறான் பாரு."

மலைக்குக் கீழே

நான் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள். கோயில்பிள்ளை, அதாவது மணியடித்து விளக்கேற்றிக் கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர், வயசானவரில்லை, நல்ல வாட்டசாட்டமான ஆள். பெட்டியைப் பற்றிக் கேட்டதும் பெருமையாகக் குடிலைக் காட்டினார். தொழுவம், ஆடு மாடு, பின்னால் காகிதத்தில் பெரிய மலை. மலைக்கு உயரம் போதவில்லை என்று அந்தப் பெட்டியைத்தான் அடியில் கொடுத்திருக்கிறார். மலை உச்சியில் ஒரு மண் ஒட்டகம், நல்ல கனம்.

ஓரமாகக் கையை விட்டு இரண்டே நிமிஷத்தில் உருவிவிடுகிறேன் என்று கெஞ்சினேன். குழந்தை ஏசுவைக் காண வந்த மூன்று ராஜாக்கள் திருநாள் முடியாமல் குடிலைத் தொடக் கூடாது, அது வழக்கம் என்றார். ஸ்டீபன் கதையைச் சொன்னேன். அவருக்கும் மனசு கேட்கவில்லைதான், முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் அசையவில்லை. ராஜாக்கள் பொம்மை மூன்றும் அப்போது குடிலுக்கு வெகு தூரத்தில், வாசல் பக்கம் நின்றன. தினம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வைப்பார்களாம். ஒன்பது நாள் நான் இரும்புக் கடையை அரைகுறையாகச் சாத்திவிட்டு வந்து, ராஜாக்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போனேன். கோயில்பிள்ளை ஒவ்வொரு நாளும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "அவங்க மூணு பேரும் வந்து சேரட்டும் பாய். அப்பால மலைய நீ வாங்கிக்கோ."

அலமாரிச் சாவி

பெட்டி கைக்கு வந்தது. பதினாலு பிளேட்டு. ஒன்பதாவதாக அது இருந்தது. ஒட்டகத்தின் கனத்தில் ஓரத்திலிருந்து நடுவரை ஒரு கீறல் விழுந்திருந்தது, ஆனால் பிளக்கவில்லை. கீறல் பெரிசாகிவிடுமோ என்ற பயத்தில் வீட்டில் தொடக்கத்தை மட்டும் போட்டுப் பார்த்தேன். கீறல் வந்தபோதெல்லாம் 'டக்' என்றது, மற்றபடி அற்புதம்.

உங்களிடம் மறைப்பானேன்? பட்டணத்திலேயே இன்னொன்று இருக்குமோ இருக்காதோ என்கிற பிளேட்டு. கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இரண்டு நாள் யாரிடமும் மூச்சு விடாமல் அலமாரியில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் காலையில் என் சம்சாரம் டீயை ணங்கென்று எதிரே வைத்தாள். அவளுக்கு ஜாஸும் தெரியாது, ஒன்றும் தெரியாது. ஆனால் ரெஜினா மீன் கூடையோடு தினமும் எங்கள் வாசலைத் தாண்டும்போது ஜன்னலை நிமிர்ந்து பார்ப்பது தெரியும். "ஒரு மனுசனோட மானத்த அலமாரில பூட்டி வெச்சிக்கினு, எப்டிதான் ஒங்களுக்கு சோறு எறங்குதோ?" என்றாள்.

கால் நிமிஷம்

அந்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு பேரையும் கடைக்கு வரவழைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் ஸ்டீபன் திரும்பிப் போகப் பார்த்தார். ரெஜினா கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பாட்டுச் சத்தம் கேட்டுக் கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. கைகொட்டிச் சிரித்த பையன்களில் இரண்டு பேரும் அதில் இருந்தார்கள்.

பியானோ வந்தது, பிடில் வந்தது, யாரோ பாடினார்கள். டிரம்பெட் வரவே இல்லை. ஸ்டீபன் முழங்காலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். முதல் பக்கம் முடிந்து மறு பக்கம் போட்டேன். அதிலும் முக்கால்வாசி ஓடிவிட்டது. அப்போதுதான் டிரம்பெட் கட்டையை அமுக்கிப் பழகிய ஸ்டீபனின் மூன்று விரல் முழங்கால்மேல் தானாக ஏறி இறங்கியது, அதே நொடியில் டிரம்பெட் கிளம்பியது. அப்பா! என்ன துள்ளல், என்ன திமிர்! 'டக்' என்ற கீறலையும் தாளமாக்கிக்கொண்டு ஏறியது. விரலும் ஊதலும் ஒரு இழை பிசகவில்லை. அதைப் பார்த்தபின் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை. பையன்களில் ஒருத்தன் தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துவிட்டான். கால் நிமிஷம்தான், ஓய்ந்துவிட்டது.

எல்லாரும் ரெஜினாவைப் பார்த்தோம். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள். "இன்னாய்யா, ஒரு பாட்டு பூரா ஊதினேன்னு எட்டு வருசமா அளந்துகினு இருந்தே, இவ்ளோதானா?" என்றாள். ஸ்டீபன் பொக்கை வாயைத் திறந்து, அன்றைக்கு ஸ்டுடியோவில் நேரம் போதவில்லை என்று ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை. மாசக்கணக்காகக் கேட்காத குரல். அவள் அவர் கையை விடாமலேயே என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அவுரு பேசிக்கினே இருக்கட்டும் பாய். நீ இன்னொரு தபா போடு."

இத்தனை வருஷ வியாபாரத்தில் வாங்கின பிளேட்டை மனசறிந்து நான் சும்மா கொடுத்தது அந்த ஒன்றைத்தான், அதற்குக் கைமாறாக ஸ்டீபன் தினமும் சாயங்காலம் என் கடைக்கு வந்து அந்தக் கால் நிமிஷத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறார், நானும் ஒரு நாள் அவர் வரவில்லையென்றால் வாசலைப் பார்த்துத் தொலைக்கிறேன்.