சிமெண்ட் நாத்தனார்

அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் பார்த்தது அத்தையை அல்ல, அத்தை செய்த சிமெண்ட் பொம்பளையைத்தான்.

அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. ராஜகீழ்ப்பாக்கத்தில் பஸ் பிடித்து, தாம்பரத்தில் ரயில் ஏறி, தினமும் பட்டணத்துக்குப் போய்ச் சிற்பம் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருஷப் பரீட்சைக்காகக் கிணற்றடியில் ஆறடி உயரத்துக்கு ஒருத்தியை நிறுத்தியிருந்தாள். கம்பியும் கோழிவலையும் வைத்துக் கட்டி, மேலே சிமெண்ட் பூசியது. துணி கிடையாது, முகம் கிடையாது, கை இரண்டும் கிடையாது. வயிற்றில் பெரிய ஓட்டை. அதன் வழியாகப் பார்த்தால் பக்கத்து வீட்டு முருங்கை மரம் தெரியும். மதில் கட்ட வந்த கொத்தனார் அதைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "இன்னாம்மா, வயித்துல வென்டிலேட்டர் வெச்சிகினு கீது?" என்று கேட்டார்.

அத்தைக்குக் கோபமே வரவில்லை. "கோயில் தூண்ல இருக்கறவங்க எல்லாம் யாரோ பாக்கறாங்கன்னு இடுப்ப வளைச்சு நிக்கறாங்க. இவ சும்மா நிக்கறா, அவ்ளோதான்" என்றாள். எனக்கு அப்போது ஏழு வயது. சும்மா நிற்பதற்கு இவ்வளவு சிமெண்ட் எதற்கு என்று தோன்றியது.

அந்தச் சமயம் பார்த்துப் பொழிச்சலூரிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு பேங்க் வேலை. தை மாதமே கல்யாணம், படித்தவரை போதும் என்று சொல்லியனுப்பினார்கள். "பரீட்சைக்கு இன்னும் நாலு மாசந்தாண்ணா இருக்கு" என்று அத்தை கெஞ்சினாள். "பேங்க் மாப்பிள்ளை உன் பரீட்சைக்காகக் காத்துகிட்டு இருப்பாரா?" என்று அப்பா முடித்துவிட்டார். அத்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை.

பெண் பார்க்கும் நாளன்று காலையில் சிலையை நகர்த்தப் பார்த்ததில் அப்பாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில் அம்மா தன் நீல நைலக்ஸ் புடவையைச் சுற்றி, முந்தானையைத் தலைமேல் இழுத்து விட்டாள். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ முதுகு காட்டி நிற்பது போல அச்சாக இருந்தது. வினையே அதுதான்.

மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்ததும் ஜன்னல் வழியே பார்த்தார். "அவங்க யாரு? உள்ள வரவே இல்லியே?"

அம்மாவுக்கு வியர்த்துவிட்டது. "அது... எங்க பெரிய நாத்தனாருங்க. வீட்டுக்குத் தூரம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிணறு பத்தடியில் இருந்தது. இதில் என்ன தூரம்?

அந்த அம்மாள் நல்ல மனசுக்காரி. "அதுக்காக வெயில்லயா நிக்கணும், பாவம்! முதல்ல அவங்களுக்குக் கொடுத்தனுப்புங்க. அப்புறம் நாங்க சாப்பிடறோம்" என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். வேறு வழியில்லாமல் அம்மா என்னைச் சமையலறைக்கு அனுப்பினாள்.

பட்டுப் புடவையில் அத்தை அங்கே நின்றிருந்தாள். வாழையிலையில் மூன்று பஜ்ஜி வைத்துக் கொடுத்தவள், குனிந்து என் காதோடு, "அவளுக்குத்தான் கையே இல்லியே கண்ணு. தலை மேல வெச்சுட்டு வந்துடு" என்றாள்.

நியாயம்தானே. துவைக்கிற கல்லில் ஏறி, இலையோடு தலையில் வைத்தேன்.

"என்னங்க இது, குழந்தை தலையில வைக்குது!" ஜன்னலில் குரல் கேட்டது.

"அது வேண்டுதலுங்க" என்றாள் அம்மா.

பஜ்ஜி வேண்டுதல் எந்தச் சாமிக்கு என்று யாரும் கேட்பதற்குள் இரண்டு காக்கைகள் வந்துவிட்டன. ஒன்று தலையிலேயே உட்கார்ந்தது. "ஐயையோ, காக்கா உக்காந்திருக்கு, அசையாம நிக்கறாங்களே!" என்று அந்த அம்மாள் பதறினார். காக்கைகள் சண்டை போட்டதில் முந்தானை சரிந்தது. நைலக்ஸ் புடவை, பிடித்து நிறுத்தக் கையும் இல்லை. மொத்தமும் வழுக்கிக்கொண்டு காலடியில் விழுந்தது. அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை அப்போதுதான் தலை நிமிர்ந்தார்.

"முருகா!" என்றார் அவர் அம்மா.

காபித் தட்டோடு வந்த அத்தை நிதானமாக, "நான் செஞ்சதுதாங்க. பரீட்சைக்கு" என்றாள்.

லெட்டர் போடுகிறோம் என்று சொல்லிவிட்டு, காபியைத் தொடாமல் போனார்கள். அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். "தலையில எதுக்குடி வெச்சே?" "அவங்களுக்குக் கை இல்லியேப்பா" என்றேன். அந்தப் பதிலுக்கு நங்கென்று ஒரு குட்டு விழுந்தது.

கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன். காக்கையை ஓட்டாமல் வந்து அத்தையின் கல்யாணத்தையே கெடுத்துவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது. அத்தை வந்து என் தலையைத் தடவிக் கொடுத்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர். கன்னத்தில் முத்தம் கொடுத்து, "தேங்க்ஸ்டி செல்லம்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தாள்.

துக்கம் தாங்காமல் அத்தைக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. அன்று சாயங்காலமே தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்கு ஓடிப்போய், குட்டு வாங்கிய தலையிலேயே இன்னும் மூன்று குட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி வேண்டிக்கொண்டேன்: 'பிள்ளையாரப்பா, எங்க அத்தைக்கு அடுத்த வாரமே வேற மாப்பிள்ளைய அனுப்பு.'