ஃபிரெட்ரிக் சிரித்தால் படம் பாஸ்

சாந்தோம் சர்ச் பங்கில் எந்த வீட்டில் "இன்னைக்கு என்ன படம் பாக்கலாம்?" என்ற பேச்சு எழுந்தாலும் போன் மர்சலின் டீச்சருக்குத்தான் வரும். கேட்பவர்கள் அறுபதைத் தாண்டிய தம்பதிகள். பிள்ளைகள் கனடாவிலும் துபாயிலும் இருக்க, சாயங்கால ஜெபமாலை முடிந்த கையோடு டிவி முன்னால் உட்காருகிறவர்கள். வெட்டுக்குத்து அவர்களுக்கு ஆகாது. வயதான இருவர் சண்டை போட வேண்டும், சமாதானம் ஆக வேண்டும், நடுவில் சிரிப்பு வர வேண்டும். முக்கியமாக, யாரும் சாகக் கூடாது.

வெளியில் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. டீச்சர் எந்தப் படத்தையும் முழுசாகப் பார்த்ததே கிடையாது. கணவர் ஃபிரெட்ரிக்குக்குப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர், லேசில் சிரிக்கிற ஆள் இல்லை. சோகப் படமென்றால் பாதியிலேயே "எழவு வீடு மாதிரி இருக்கு, நிறுத்து" என்று கத்துவார். கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தால் படம் பாஸ்.

இந்த மழைக்காலத்தில் எல்லாப் படமும் பாஸ் ஆயிற்று. அவருடைய மூக்குக்கண்ணாடி அரிசி டப்பாவில் கிடந்தது. பார்த்த படத்தையே மறுநாளும் புதுப்படம் என்றார். மனுஷர் இப்போதாவது இளகினாரே என்று டீச்சருக்கு ஏக சந்தோஷம். அடி பைத்தியக்காரி, ஒரு எட்டு வந்து அந்த முகத்தைப் பார்த்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகையில், படம் கேட்டிருந்த ஜொவிட்டா வழிமறித்தாள். அவள் கணவர் லியோனார்ட் இதய ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் தேறி வருகிறார்.

"இன்னா டீச்சர், இப்படிப் பண்ணிட்டீங்க? சிரிப்புப் படம்னு சொன்னீங்க. அதுல அந்தப் பெரியவர் ஆபரேஷன்லயே செத்துப்போறாரு. இவரு தூங்கவே இல்ல, என் கையப் புடிச்சிக்கினே இருந்தாரு."

"இருக்காதே. எங்க வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிச்சாரே."

"அதுக்கா சிரிச்சாரு?" என்று ஜொவிட்டா மெதுவாகக் கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் அதே படத்தைப் போட்டு, அடுப்பைப் பற்றவைக்காமல் ஃபிரெட்ரிக் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். படத்தில் தம்பதி சண்டை போட்டார்கள், இவர் சிரித்தார். ஆஸ்பத்திரி வந்தது, சிரித்தார். சவப்பெட்டியை மூடினார்கள், கிழவி அதன்மேல் விழுந்து அழுதாள். அதற்கும் அதே சிரிப்பு. அவர் கண் படத்தில் இல்லை, டிவிக்கு மேலே வெறும் சுவரில் இருந்தது.

டீச்சர் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். பள்ளிக்கூடத்துக்கு வந்த ஏதோ ஒரு பிள்ளையின் தாயாரிடம் பேசுவது போல் மரியாதையாகச் சொன்னார்.

"நிறுத்தாதீங்கம்மா. மர்சலின் உள்ள சமைச்சிட்டிருக்கா. கொஞ்ச நாளா எனக்கு எதுவும் புரிய மாட்டேங்குது. நான் சிரிக்கிற சத்தம் கேக்கலன்னா அவ பயந்துடுவா."

அவள் படத்தை மறுபடி ஓடவிட்டாள். எழுந்து அடுப்படிக்குப் போனாள். கூடத்தில் சிரிப்புச் சத்தம் எழுந்தது. எரியாத அடுப்பின் முன் நின்றுகொண்டு, "கேக்குதுங்க" என்று குரல் கொடுத்தாள்.