நிபந்தனை போடாமல் கொடுத்த தண்ணீர்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஐஸ் பாளத்தை உமியில் புரட்டிச் சாக்கில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி மதுரைத் தெருவெல்லாம் விற்றேன். நாற்பது வயதுக்குள் சமயநல்லூர்ப் பக்கம் சொந்தமாக ஐஸ் கம்பெனி வைத்தேன். கல்யாண வீடு, மீன் கடை, சர்பத் கடை, எல்லாவற்றுக்கும் என் ஐஸ்தான். பி.ஏ. படித்தவன் என்னிடம் கணக்கு எழுதினான். இதையெல்லாம் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. சொல்லக் கூச்சமாக இருப்பது, அந்தக் கம்பெனியின் தண்ணீரைத் தானம் கொடுத்த கதைதான்.

கம்பெனிக்குத் தண்ணீர் ஒரு போர்வெல்லில் இருந்து வந்தது. அதற்கு இடம் காட்டியவன் பக்கத்துத் தோட்டக்காரன். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு என் நிலத்தில் நடந்தான். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் குச்சி நட்டு, "இங்கன போடுங்கண்ணே, வத்தாது" என்றான். கூலி வாங்கவில்லை. அவன் சொன்னபடி அது வற்றவில்லை. இரண்டு வருஷத்தில் அவன் கிணறு வற்றியது. வெண்டையும் கத்தரியும் விளைந்த தோட்டம் பாதி தரிசானது. அவன் ஒரு தடவைகூட என்னிடம் சண்டைக்கு வரவில்லை.

வியாபாரம் பெருகி, எண்பதுகளின் தொடக்கத்தில் கம்பெனியைப் பழங்காநத்தத்துக்கு மாற்றினோம். பழைய இடத்தில் போர்வெல், மோட்டார், மேல்நிலைத் தொட்டி, சுற்றி முக்கால் ஏக்கர் நிலம். என்ன செய்வது என்று நானும் கூட்டாளியான என் மச்சினனும் பல நாள் பேசினோம்.

"சாயப்பட்டறைக்காரன் கேக்குறான் மச்சான், குடுத்துருவோம்."

"ஊருக்குக் குடுத்தா நம்ம பேரு நிக்கும் மாப்ள."

"பேரு நிக்கும். நம்மளும் நிப்போம், பேங்க் வாசல்ல."

கடைசியில் என் பிடிவாதம்தான் ஜெயித்தது. செய்தி கேட்டுத் தோட்டக்காரன் வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தாராளமாக் குடுங்கண்ணே. ஊரு குடிக்கட்டும். குடிக்கிற அளவுக்கு மட்டும் மோட்டார் ஓடணும்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க. மூணு மாசமா மோட்டார் ஓடல. எங்கெணத்துல எம்புட்டுத் தண்ணி ஊறியிருக்குன்னு வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். இடுப்பளவு தண்ணீர் நின்றது. "எழுதிருவோம் தம்பி" என்று அந்தக் கிணற்று மேட்டிலேயே நின்று சொன்னேன்.

பத்திரம் எழுதப் போகிற வழியில், டீக்கடையில் பஞ்சாயத்துத் தலைவரிடம் அந்த நிபந்தனையைச் சொன்னேன். பெஞ்சு நிறைய ஆட்கள். அவர் சிரித்தார்.

"மகராசனா குடுக்க வாரீக. தண்ணியக் குடுத்துட்டுச் சாவிய மடியில முடிஞ்சுக்கிட்டா அது தானமாண்ணே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நிபந்தனையெல்லாம் வேணாம். அம்புட்டும் ஊருக்கு" என்றேன்.

மாலை போட்டார்கள். கல்வெட்டில் என் பெயரைப் பெரிதாக வெட்டினார்கள். எழுத்துக் கூட்டாமலே படித்தேன். கூட்டத்தின் கடைசியில் நின்று தோட்டக்காரனும் கை தட்டினான்.

அடுத்த கோடையில் பஞ்சாயத்து அந்தத் தண்ணீரை லாரி லாரியாகச் செங்கல் சூளைகளுக்கு விற்றது. மோட்டார் ஓயவே இல்லை. தலைவரிடம் போய்க் கேட்டேன்.

"நீங்கதானண்ணே அம்புட்டும் ஊருக்குன்னீக" என்றார்.

தோட்டக்காரன் மாடுகளை விற்றுவிட்டு என்னிடம் வேலை கேட்டு வந்தான். கொடுத்தேன். கொடுத்ததையும் நாலு பேரிடம் பெருமையாகத்தான் சொன்னேன்.

பழங்காநத்தத்தில் ஐஸ் உருகி வழிகிற தண்ணீர் சாக்கடைக்குத்தான் போகும். அவன் மண்வெட்டியால் அதற்கு ஒரு வாய்க்கால் இழுத்து, மதிலோரம் வெண்டை போட்டான். முதல் காய்ப்பை மஞ்சப்பையில் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான்.

"பிஞ்சா இருக்குண்ணே. வீட்டுக்குக் கொண்டு போங்க."

கொண்டு போனேன். மனைவி பொரியல் செய்தாள். வயிறு சரியில்லை என்று சாக்குச் சொல்லி, மோரை மட்டும் குடித்துவிட்டு எழுந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் ஐஸ் பாளங்களை ஏற்றிக்கொண்டே கேட்டான், "காய் எப்படிண்ணே?"

"நல்லாருந்துச்சு தம்பி" என்றேன்.