கரும்பலகைக்கு அந்தப் பக்கம்

தகரக் கூரையில் மழை பிடித்தால் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்றுமே கேட்காது. ஆனாலும் ஃபிலோமினா டீச்சரின் குரல் மட்டும் என் பிள்ளைகளுக்கு எப்படியோ கேட்டுவிடும்...

கண்டி மலையில், பன்வில பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம். எனக்கு முதல் நியமனம்; பிள்ளைகளுக்கு நான் 'சேர்'. நீளமான ஒரே மண்டபம், நடுவில் ஒரு கரும்பலகைதான் மறைப்பு. சமய பாட நேரம் வந்ததும் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டாகப் பிரிவார்கள். சைவப் பிள்ளைகள் என்னிடம். கத்தோலிக்கப் பிள்ளைகள் அந்தப் பக்கம், டீச்சரிடம்.

என் பக்கம் பெரிய கூட்டம், அவர் பக்கம் ஒரு கைப்பிடி. இருந்தும் என் கூட்டத்தின் காதெல்லாம் அங்கேதான். நான் தொண்டை கிழியத் தேவாரம் சொல்லிக்கொடுப்பேன். அவர் மெதுவாக ஏதோ கதை சொல்வார்... சிரிப்பது என் பிள்ளைகள்!

வயிறு எரியும். பொய் சொல்வானேன், நன்றாகவே எரியும்.

ஒருநாள் என் வகுப்பு லெட்சுமி எழுந்து, என்னைத் தாண்டிப் போய் அவரிடமே கேட்டாள்.

"டீச்சர், லயத்துக்கு வந்த ஒருத்தரு எங்க சாமியெல்லாம் பொய்யின்னு சொன்னாரு. நெசமாவா டீச்சர்?"

டீச்சர் ஆமாம் என்றால் பிள்ளை அழுதுவிடுவாள், சாயந்தரம் லயத்து வரிசை வீடுகளெல்லாம் திரண்டு வரும். இல்லை என்றால் தன்னுடைய பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வார்?

டீச்சர் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"நான் இயேசுவ நம்புறேன்மா. அத ஒங்கிட்ட மறைக்க மாட்டேன். ஆனா ஒங்க சாமிய பத்தி எனக்குத் தெரியாதே... தெரியாதத எப்படி பொய்யின்னு சொல்றது? ஒங்க சேருக்குத்தான் தெரியும். வா, நானும் வந்து கேட்டுக்கிறேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. தன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து என் வகுப்பின் கடைசி வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் முன்னால் எனக்கு மனப்பாடப் பேச்சு எதுவும் வாயில் வரவில்லை. அப்பா கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அம்மா அவர் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு வாசலில் நின்று அழுததைச் சொன்னேன். அப்பா எழுந்து வீட்டுக்கு வந்தார், அந்த அழுகை முருகன் காதில் விழுந்தது என்றுதான் நான் நம்புகிறேன் என்றேன். அவ்வளவுதான் பாடம். லெட்சுமி முகம் தெளிந்தது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கோ அப்போதும் பொறாமைதான். டீச்சர் சொன்ன அந்தப் பதில் ஏன் எனக்கு வரவில்லை?

இப்போது அங்கே மாடிக் கட்டடம். வகுப்புக்கு வகுப்பு சுவர். இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்காது. கேட்பதெல்லாம் ஃபேஸ்புக்கில்தான்... உன் சாமியா, என் சாமியா என்று.

போன மாதம் கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் லெட்சுமியைக் கண்டேன். அவளும் இப்போது டீச்சர்.

"சேர், நீங்க படிச்சுக் கொடுத்ததுல அந்த ஒரு பாடத்த மறக்கவே முடியாது."

நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எந்தப் பாடம் என்று கேட்டேன், தெரியாதவன் போல.

"ஃபிலோமினா டீச்சர் வந்து உக்காந்திருந்தாங்களே... அந்தப் பாடம் சேர்."

பன்வில பஸ் வரும்வரை வயிறு எரிந்துகொண்டே இருந்தது. நான் எடுத்த ஒரே நல்ல பாடம்... அதிலும் பாதி அவருடையது.