லொரெட்டா வெட்டிய பதினாறு பக்கங்கள்

லொரெட்டா டால்டன் எங்கள் குடாவின் மீன் ஆலையில் பத்தொன்பது வருஷம் காட் மீனைத் துண்டம் போட்டவள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் தென்கரையில் அவள் கத்திக்கு ஈடு கிடையாது என்பார்கள். ஆனால் ஊர் அவளை நினைப்பது கத்திக்காக அல்ல, தேநீர் இடைவேளையில் அவள் வாசித்துக் காட்டிய ஒரு நாவலுக்காக.

1980 கோடையில், செயின்ட் ஜான்ஸ் நகரத்தில் ஒரு மாதா கோயில் சந்தையின் பழைய புத்தகக் குவியலிலிருந்து அதை எடுத்து வந்தாள். ‘கார்மோர் சீமாட்டி’ என்று பெயர். எங்கள் தாய்மார் காலத்தில் பிரபலமான கதை, ஆனால் எங்கள் ஊரில் யாரும் வாசித்ததில்லை. முந்நூறு வருஷத்துக்கு முந்தைய அயர்லாந்து. போரில் தோற்ற வீரர்கள் பிரான்சுக்குக் கப்பலேறுகிறார்கள். அவர்களில் ஒருவன் கேப்டன் ஃபெலிம். கோட்டையில் அவனுக்காகக் காத்திருப்பவள் ஓர்லா. எங்கள் முன்னோரும் அந்தக் கரையிலிருந்து கப்பலேறியவர்கள்தான். அதனாலோ என்னவோ, முதல் அத்தியாயத்திலேயே கதை எங்களைப் பிடித்துக்கொண்டது.

இடைவேளை பதினைந்து நிமிஷம். ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் இருபது பெண்கள் அவளைச் சுற்றி உட்காருவோம். நான் எப்போதும் ஜன்னலோரம். சில நாள் ஒரு முத்தம் பாதியில் நிற்கும்போது மணி அடித்துவிடும். எங்களில் மூத்தவளான கிட்டி வேலன் அப்போதெல்லாம் மேஸ்திரியைப் பார்த்து, “உன் பொண்டாட்டி பாவம்யா, எல்லாத்துக்கும் மணி பாப்ப போல” என்பாள்.

அந்த அக்டோபரில் மர்செல்லாவின் கணவன் லியோ கரீனின் படகு திரும்பவில்லை. ஒன்பது நாள் தேடினார்கள். படகின் ஒரு பக்கப் பலகை கிடைத்தது, லியோ கிடைக்கவில்லை. மர்செல்லா லொரெட்டாவுக்குப் பக்கத்து மேசைக்காரி, பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதி. அவள் வேலைக்கு வராத மூன்று வாரமும் யாரும் புத்தகத்தைத் தொடச் சொல்லவில்லை. கதை முடியும் தறுவாயில் நின்றிருந்தது: ஒன்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு கப்பல் துறைக்குள் நுழைகிறது, ஓர்லா கோட்டைப் படிகளில் இறங்கி ஓடுகிறாள்.

திரும்பி வந்த முதல் நாளே மர்செல்லா கேட்டாள்: “அந்தக் கப்பல் வந்துச்சா?”

“நீ வரட்டும்னு நிறுத்தி வச்சிருக்கோம்டி” என்றாள் கிட்டி.

“அப்ப நாளைக்கு வாசிங்க.”

அன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் லொரெட்டா கடைசிப் பக்கங்களைத் தனியாக வாசித்துப் பார்த்தாள். ஃபெலிம் வரவில்லை. வழியிலேயே கடலுக்குப் பலியாகிவிட்டான். கப்பலில் வந்தது அவனுடைய பெட்டியும் அதற்குள் ஒரு கோட்டும்தான். பிறகு மீன் கத்தியை எடுத்துப் பதினாறு பக்கத்தையும் முதுகோடு ஒட்ட வெட்டி அடுப்பில் போட்டாள்.

மறுநாள் புத்தகத்தைத் திறந்து, “கடைசிப் பக்கமெல்லாம் இல்ல. பழைய புத்தகம், வேற எப்படி இருக்கும்” என்றாள்.

சாப்பாட்டு அறையே புலம்பியது. கிட்டிதான் சொன்னாள்: “இத்தனை நாள் வாசிச்சவ நீ. மீதியும் நீயே சொல்லேன்.”

லொரெட்டா மறுத்துப் பார்த்தாள். நாங்கள் விடவில்லை. நான்கு நாள் இடைவேளையில் சொல்லி முடித்தாள். ஃபெலிம் தாடியும் நரையுமாக இறங்குகிறான். ஓர்லாவுக்கு அடையாளம் தெரியவில்லை. அவன் படியில் உட்கார்ந்து, “ஒரு கப் டீ கிடைக்குமா?” என்கிறான். அந்தக் குரலில் கண்டுகொள்கிறாள்.

“அந்தக் காலத்துல ஏதுடி டீ?” என்றாள் கிட்டி, மூக்கைச் சிந்திக்கொண்டே.

“அவன் பிரான்சுலேர்ந்து கொண்டாந்தான். நீ சும்மா இரு.”

எல்லோரும் அழுதோம். மர்செல்லா மட்டும் அழாமல் கேட்டுவிட்டு எழுந்துபோய்க் கத்தியைத் தீட்டினாள்.

அந்த முடிவு ஊரெல்லாம் பரவியது. புத்தகத்தை ஒரு தடவைகூடக் கையில் எடுக்காதவர்களும் ஃபெலிம் டீ கேட்டதைச் சொன்னார்கள். பிறந்த பெண் குழந்தைகளுக்கு வரிசையாக ஓர்லா என்று பெயர் வைத்தார்கள். நான்காவது ஞானஸ்நானத்தில் பங்குச் சாமியார், “வேற பேரே கிடைக்கலையாம்மா? இப்படி ஒரு புனிதரே கிடையாதே” என்றார். “இனிமே ஆயிடுவா ஃபாதர்” என்றாள் குழந்தையின் தாய்.

பதினோரு வருஷம் போயிற்று. 1991 கிறிஸ்துமஸுக்கு, ஹாலிஃபாக்ஸில் வேலை பார்த்த மர்செல்லாவின் மகள் அந்த நாவலின் புதிய பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தாள். மறுநாள் காலையிலேயே மர்செல்லா பனியில் நடந்து லொரெட்டா வீட்டுக்குப் போனாள். நடந்ததை லொரெட்டாவே பின்னால் என்னிடம் சொன்னாள்.

மர்செல்லா புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். “நீயா கிழிச்ச?”

“வெட்டினேன். பதினாறு பக்கம்.”

“எனக்காகவா?”

“எனக்காகத்தான்னு நினைக்கிறேன். உன் மொகத்தப் பாத்துக்கிட்டு அத வாசிக்க எனக்குத் தெம்பில்ல.”

“அந்த வருஷம் நான் எதக் கேக்கலாம் எதக் கேக்கக்கூடாதுன்னு ஆளாளுக்கு முடிவு பண்ணீங்க. எங்க அண்ணன் படகுப் பலகையக்கூடக் காட்டல. சாமியாரு நம்பிக்கைய விடாதேன்னாரு. நீ அவன டீ குடிக்க வச்ச.” மர்செல்லாவின் குரல் உயரவே இல்லை. “கடைசியில ஓர்லா என்ன செய்றான்னு நீ வாசிச்சதானே? அவன் கோட்ட கொண்டுபோய்க் கல்லறைத் தோட்டத்துல புதைக்கிறா. கல்லு நட்டு, பேரு வெட்டி, அதுக்கப்புறம் வீட்டுக்கு வந்து கதவத் தெறக்கிறா. அப்படி ஒண்ணு செய்யலாம்னு எனக்கு யாருமே சொல்லலடி. பதினோரு வருஷமா வாசலுல சத்தம் கேட்டா எழுந்து பாக்கிறேன்.”

லொரெட்டா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது மர்செல்லா கையுறையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க இருவரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் பேசாமல் மீன் வெட்டினார்கள். கத்தி கேட்டால் கொடுப்பார்கள், அவ்வளவுதான். கிட்டி சமாதானம் பேசப் போய் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

மே மாதம் ஒரு நாள் கையைத் துடைத்துக்கொண்டே மர்செல்லா கேட்டாள்: “சனிக்கிழமை உனக்கு வேலை இருக்கா?”

“இல்ல.”

“லியோவோட கோட்டப் புதைக்கப் போறேன். கல்லு வந்தாச்சு. நீ வந்து அந்தப் பதினாறு பக்கத்த வாசி.”

“எங்கிட்ட இல்லையே. அடுப்புல போட்டுட்டேன்.”

“நீ போட்டிருப்பேன்னு தெரியும். என் புத்தகத்துல வாசி.”

சனிக்கிழமை ஆலைப் பெண்கள் எல்லோரும் போனோம். கல்லறைத் தோட்டத்தின் கடல் பார்த்த சரிவில் சின்னக் குழி. லியோ ஞாயிற்றுக்கிழமைகளில் போடும் பழுப்புக் கோட்டு, நாலாய் மடித்து ஒரு பெட்டியில் இருந்தது. சாமியார் ஜெபம் சொன்ன பிறகு லொரெட்டா வாசிக்க ஆரம்பித்தாள். மூன்றாம் பக்கத்தில், ஓர்லா பெட்டியைத் திறக்கும் இடத்தில், அவளால் மேலே வாசிக்க முடியவில்லை. மர்செல்லா புத்தகத்தை அவள் கையிலிருந்து வாங்கி, மீதியைத் தானே நிதானமாக, ஒரு சொல் விடாமல் வாசித்தாள். காற்று பக்கத்தைப் புரட்டாமல் லொரெட்டா ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி நடக்கையில் கிட்டி, “அழகா எழுதியிருக்கான், இல்லேங்கல. ஆனா நான் சாகும்போது எனக்கு டீக் கதையத்தான் சொல்லணும்” என்றாள். மர்செல்லா சிரித்துவிட்டாள்.

ஜூலையில், மீன் அருகிப்போனதால் அரசாங்கம் காட் மீன்பிடியை நிறுத்தியது, ஆலையையும் மூடினார்கள். லொரெட்டா நாட்டின் மேற்கே ஆல்பர்ட்டாவில் எண்ணெய்த் தொழிலாளர் முகாம் ஒன்றில் ஆறு வருஷம் சமைத்துவிட்டு ஊருக்கே திரும்பினாள். இப்போது மர்செல்லா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் இருவரும் சீட்டாடுகிறார்கள். மர்செல்லா கள்ள ஆட்டம் ஆடுகிறாள் என்று லொரெட்டா என்னிடம் முறையிடுகிறாள். ஆனால் ஒரு வெள்ளிகூடத் தவறவிடுவதில்லை.